வெண்மதியின் ஆறு ஐம்பது செய்தி

வெண்மதிக்கு வயது முப்பத்தாறு. கடலூரில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரின் ஆபீசில் டைப்பிங் வேலை. காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக்காரர் வீட்டில் பிறந்து, அந்த வீட்டிலேயே முதல் பட்டதாரியாகி, கலெக்டர் ஆகியே தீருவேன் என்று பத்துப் பன்னிரண்டு வருடம் மல்லுக்கட்டியவள். குடிமைப்பணித் தேர்வை ஆறு தடவை எழுதினாள். முதல்நிலைத் தேர்வில் இரண்டு தடவை தேறினாள், முதன்மைத் தேர்வில் ஒரு தடவைகூடத் தேறவில்லை. அதற்குள் வயது வரம்பு முடிந்துவிட்டது. இனிமேல் வராதே என்று அரசாங்கமே சொன்ன பிறகும் ஒருத்தி தினமும் விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பேப்பரும் கையுமாக உட்கார்ந்தால், பைத்தியம் என்று சொல்ல நாலு பேர் இருக்கத்தானே செய்வார்கள்? இருந்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் அப்படி உட்காரக் காரணம் இலக்கியா. வெண்மதி கடைசி முறை தேர்வு எழுதப் புதுச்சேரி போனபோது, இடைவேளையில் ஒரு வேப்பமரத்தடியில் தயிர்சாதப் பொட்டலத்தைப் பங்கு போட்டுக்கொண்ட பெண். சிதம்பரத்தில் துணிக்கடையில் வேலை. "காலைல ஒம்போது மணிக்கு நிக்க ஆரம்பிச்சா ராத்திரி ஒம்போது வரைக்கும் நிக்கணும்க்கா. பேப்பர் படிக்க ஏது நேரம்? யாராச்சும் படிச்சு வாயால சொன்னா பஸ்ல கேட்டுக்கிட்டே போவேன்" என்றாள் இலக்கியா. அன்று பேச்சோடு பேச்சாகச் சொன்னதுதான். மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு அவள் போனுக்கு வெண்மதியின் எட்டு நிமிடக் குரல் பதிவு வந்து விழுந்தது.

அந்தப் பதிவு இலக்கியாவிடமிருந்து ஒரு நர்சுக்குப் போனது, நர்சிடமிருந்து ஒரு பெண் போலீசுக்கு. லால்பேட்டையில் கைக்குழந்தையோடு படிக்கும் ஒரு பெண்ணுக்குப் போனது. இரண்டே வருடத்தில் நானூறு பேர் கொண்ட குரூப் ஆகிவிட்டது. இலக்கியாவைத் தவிர ஒருவரும் வெண்மதியின் முகத்தைப் பார்த்ததில்லை. குரூப்பில் அவள் படம்கூடக் கிடையாது. குரல் மட்டும்தான். "டீ குடிச்சாச்சா? ஆரம்பிப்போம்" என்று தொடங்கி, திட்டம், தீர்ப்பு, மாநாடு, புதுச் செயற்கைக்கோள் என்று பத்துப் பாயின்ட். சும்மா சொல்லக்கூடாது, அவள் விளக்கினால் ரிசர்வ் வங்கி வட்டி விகிதம்கூடப் பக்கத்து வீட்டு விவகாரம் மாதிரி புரியும்.

"நீ சொல்லிக் குடுத்து யாருனா கலெக்டர் ஆனா, நம்ம தெருவுக்கு ரோடு போடச் சொல்லு" என்று கேலி செய்வான் அவள் கணவன் சேரன். மின்வாரியத்தில் வயர்மேன்.

கேலி இருக்கட்டும். உண்மையில் வெண்மதிக்குத்தான் அந்த நானூறு பேர்மேல் நன்றி. ஐந்தாவது தடவை தோற்றபோது, படித்ததெல்லாம் பாழாய்ப் போனது என்று ஆறு மாதம் யார் முகத்திலும் விழிக்காமல் கிடந்தவள் அவள். படித்ததைக் கேட்க நானூறு ஜோடிக் காது கிடைத்ததால்தான் மறுபடி மனுஷியானாள். கடவுளாகப் பார்த்து இலக்கியாவை அனுப்பினான் என்று அடிக்கடி சொல்வாள்.

குரூப்பில் அவள் போட்ட ஒரு கறாரான விதி உண்டு. தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் குரூப்பைப் பூட்டிவிடுவாள். அதன் பிறகு புதுச் செய்தி கிடையாது, போனை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். "கடைசி நேரத்துல புதுசா ஒண்ணு கேட்டா, பழசு நாலு கலங்கும். போனைத் தொட்டீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்பாள். எல்லோரும் அப்படியே நடப்பார்கள்.

இந்த வருடத் தேர்வும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்று காலை ஐந்தரைக்குப் பேப்பரைப் பிரித்தாள். உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி. வடநாட்டு ஏரி ஒன்றை ராம்சர் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கை இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறதாம். வெண்மதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த ஏரி பட்டியலில் சேர்ந்துவிட்டது என்று மார்ச் மாதமே சொல்லியிருந்தாள். மாநில அரசு பரிந்துரை அனுப்பியதை அனுமதியே கிடைத்ததாக எடுத்துக்கொண்டுவிட்டாள். இந்தத் தேர்வுக்குப் படிக்கிறவர்களைக் கவிழ்ப்பதே பரிந்துரைக்கும் அனுமதிக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சந்துதான்.

அதுகூடப் போகட்டும். அன்றைக்கே இலக்கியா போன் செய்து, "அக்கா, அது உறுதிதானா? வேற எதுலயும் போடலியே" என்று கேட்டாள். "நான் சொன்னா சொன்னதுதான், எழுதிக்க" என்று வாயை அடைத்தவள் வெண்மதி. இலக்கியாவுக்கு இது கடைசி வாய்ப்பு. வருகிற ஆகஸ்டில் வயது முடிகிறது. போன வருடம் ஒரு மார்க்குக்கும் குறைவில் நழுவவிட்டவள். ஒரு தப்பான விடை போதும், அவள் கதை முடிந்துவிடும்.

போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்னும் பத்துப் பேருக்குப் போட்டாள். அத்தனையும் அப்படித்தான். அவள் போட்ட விதியை அவள் பிள்ளைகள் அட்சரம் பிசகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்!

"ஏங்க, எந்திரிங்க. வண்டிய எடுங்க" என்று சேரனை உலுக்கினாள்.

"இன்னாடி, எங்கனா தீப்புடிச்சிடுச்சா?"

"சிதம்பரத்துலேர்ந்து பாண்டிச்சேரி போற பஸ்ஸெல்லாம் நம்ம பஸ் ஸ்டாண்டுக்குள்ள வந்துதான போகணும்? ஒவ்வொரு பஸ்ஸா ஏறிச் சொல்லப் போறேன்."

கிறுக்குத்தனம்தான். ஆனால் சேரனுக்கு அவள் முகத்தைப் பார்த்ததும் கேலி வரவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

முதல் பஸ் ஆறு நாற்பதுக்கு வந்தது. ஹால் டிக்கெட்டும் நோட்டுமாக உள்ளே பத்துப் பதினைந்து இளவட்டங்கள். வெண்மதி முன்படியில் ஏறி நின்றாள். கண்டக்டர் அவளை மேலும் கீழும் பார்த்து, "இன்னாம்மா, வேர்க்கடலையா, வெள்ளரிக்காயா? கூடையக் காணோம்?" என்றார். பஸ் சிரித்தது. எங்கே தொடங்குவது? பழக்கத்தில் அதுவாக வாயில் வந்தது.

"டீ குடிச்சாச்சா?"

அவ்வளவுதான். நோட்டுக்குள் முகம் புதைத்திருந்த அத்தனை தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

"ஐயோ, ஆறு அம்பது அக்கா!" என்று மூன்றாவது சீட்டிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

வெண்மதி தான் செய்த தப்பைச் சொன்னாள். ஏரி பட்டியலில் இல்லை, பரிந்துரைதான், தப்பு தன்மேல், மன்னித்துவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். கடைசி சீட்டிலிருந்த ஒரு பையன் நோட்டில் அதை அடித்துத் திருத்திக்கொண்டே சொன்னான்: "ரெண்டு வருஷமா தெனம் பத்து பாயின்ட் சொல்லியிருக்கீங்க. ஒண்ணுதான் தப்பு. வுடுங்கக்கா. இத சொல்றதுக்கா பஸ் ஸ்டாண்டு வந்து நிக்கிறீங்க?"

"இலக்கியான்னு ஒரு பொண்ணு. சிதம்பரம், துணிக்கடையில வேல செய்யுது. எந்த சென்டர்னு தெரியல. உங்க சென்டர் கேட்டுல கேட்டுப் பாருங்க, கண்டா சொல்லிடுங்க" என்று கும்பிட்டாள் வெண்மதி. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊதவில்லை. அவள் சொல்லி இறங்குகிற வரை பஸ்ஸை நிறுத்தி வைத்தார்.

எட்டு மணிக்குள் ஐந்து பஸ் ஏறி இறங்கினாள். ஒன்றிலும் இலக்கியா இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் இலக்கியா. கேள்வித்தாள்ல அந்த ஏரி வரவே இல்லக்கா!"

"வரலியா?"

"ஏரியும் வரல, கொளமும் வரல."

சேரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். வெண்மதிக்கு அவமானமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. "உனக்கு விஷயம் வந்து சேர்ந்துச்சா?" என்று கேட்டாள்.

"உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? நேத்தே பாண்டிச்சேரி வந்து மாமா வூட்டுல தங்கிட்டேன். காலைல சென்டர் கேட்டு வரைக்கும் போயிட்டேங்க்கா. இதான் கடைசின்னு நெனச்சதும் பயம் வந்துடுச்சு. இந்த வருஷமும் போச்சுன்னா எந்த மூஞ்ச வச்சிக்கிட்டு ஊருக்குப் போறது? எழுதலன்னா தோக்கவும் வேணாமேன்னு திரும்பி வந்து ரோட்டுல பஸ்ஸுக்கு நின்னுட்டேன். அப்ப பாத்தா நாலஞ்சு பேரு, 'சிதம்பரம் இலக்கியா, சிதம்பரம் இலக்கியா'ன்னு கூவிக்கிட்டு கேட்டுல சுத்தறாங்க. எனக்கு ஒருத்தரையும் தெரியாது. எல்லாம் பரிச்ச எழுத வந்தவங்க. படிக்க வேண்டிய நேரத்துல என்னத் தேடுறாங்க. நான் வாயத் தொறந்து 'நான்தான்'னு சொன்னதும், ஒரு பொண்ணு ஓடியாந்து என் கையப் புடிச்சிக்கிட்டா. ஏரி விஷயத்த சொன்னா. சொல்லிட்டுக் கைய வுடல. அப்படியே உள்ள கூட்டிக்கிட்டுப் போயிட்டா."

"பரிச்ச எப்படி எழுதின?" என்று கேட்டாள் வெண்மதி.

"நல்லாவே எழுதியிருக்கேன். ரெண்டு மணிக்கு அடுத்த பேப்பருக்கு உள்ள போகணும்" என்றாள் இலக்கியா. "நீங்க மட்டும் அன்னிக்கு சரியா சொல்லியிருந்தா, நான் இந்நேரம் சிதம்பரம் பஸ்ல ஒக்காந்து அழுதுக்கிட்டிருப்பேன்."

"போயி மொதல்ல சாப்புடு" என்று மட்டும் சொல்ல முடிந்தது வெண்மதியால். போனை வைத்த பிறகு சேரனின் தோளில் சாய்ந்து நன்றாக அழுதாள்.