மாரிக்குப்பத்தில் ஏறுகிறவர்கள்

ஃபோர்மேன் அங்கிள் என்னிடம் கொடுத்தது ஒரு ஃபுல்ஸ்கேப் தாள். பெயர், முகவரி, கையெழுத்து என்று ஸ்கேல் வைத்துத் தானே கட்டம் போட்டிருந்தார். மேலே ஒரு விண்ணப்பம்: எங்கள் மாரிக்குப்பத்தோடு முடிந்துபோகும் ரயில் பாதையை ஆந்திர எல்லை தாண்டிக் குப்பம் வரை நீட்டித் தர வேண்டும். காலமெல்லாம் தங்கச் சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தவர். நெஞ்சு முழுக்கத் தூசி. ஒரே மகளைக் குப்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் இருந்த அவர் வீட்டுக்கு அந்த ஊர் பக்கம்தான். ஆனால் ரயிலில் போவதென்றால் எதிர்த்திசையில் பங்காருபேட்டைக்குப் போய், மேம்பாலம் ஏறி இறங்கி, வேறு வண்டி பிடிக்க வேண்டும். இரண்டு பஸ் மாறிக் குலுங்கிப் போவதோ அவர் உடம்புக்கு ஆகாது. "அந்தப் படி ஏறாம பொண்ணப் பாத்துட்டு வந்தா போதும் தம்பி, வேற இன்னா கேக்கப்போறேன்," என்றார்.

தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் எங்கள் பெட்டியில் கையெழுத்து வாங்கித் தருவதாக நான் ஒப்புக்கொண்டேன். எங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வண்டி மாரிக்குப்பத்தில்தான் காலியாகப் புறப்படும். அங்கே ஏறுகிறவனுக்கு சீட்டு நிச்சயம். கர்ச்சீப் போட்டு இடம் பிடித்துப் பெங்களூர் வரை தூங்கலாம். பின்னால் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டே வருவார்கள். அந்த சீட்டுகளை நாங்கள் பட்டா நிலம் மாதிரி அனுபவித்து வந்தோம். தாளை வெளியே எடுத்ததுமே எதிர் சீட்டுக்காரர் கேட்டார்: "குப்பத்துலேர்ந்தே வண்டி வந்தா நம்பளுக்கு சீட்டு எங்க சார் கெடைக்கும்?" பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தபடியே தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். கையெழுத்துப் போடமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை. என் கையெழுத்தைக்கூடப் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அங்கிள் தெருவில் பிடித்துக்கொண்டார். எத்தனை பேர் போட்டார்கள் என்று கேட்டார். பெட்டி மொத்தமும் போட்டுவிட்டது, நானே ரயில்வே ஆபீசில் கொடுத்தும் விட்டேன் என்று வாய் கூசாமல் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. அதற்கப்புறம் பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமை பேசினார். ஒருநாள் காலை எங்கள் வண்டி பங்காருபேட்டையில் நின்றபோது, மேம்பாலத்தின் பாதிப் படியில் கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலில் என்னைக் கண்டதும் கையசைத்தார். நான் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு தாளால் ரயில் வந்துவிடுமா என்று எனக்கு நானே எத்தனையோ முறை சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டேன். இப்போது எல்லைப் பக்கம் பாதை வேலை நடக்கிறது. என் தாள் இல்லாமலேதான் நடக்கிறது. அதெல்லாம் சரி. அவர் என்னிடம் ரயிலா கேட்டார்? கையெழுத்துதானே கேட்டார். வெட்கங்கெட்டவன் நான்.

போன மாதம் அவர் இறந்துபோனார். கடைசி ஒரு வருஷம் அந்தப் படி ஏற முடியாமல் மகள் வீட்டுக்குப் போகவே இல்லை. அடக்கம் முடிந்து வீட்டில் ஜெபம் நடந்தபோது மகள் என்னைத் தேடி வந்தாள். எல்லோர் முன்னாலும் கைகூப்பினாள்.

"அப்பாவுக்காகப் பெட்டி முழுக்கக் கையெழுத்து வாங்கினது நீங்கதானே அண்ணா? போன்ல எப்பவும் சொல்லுவாரு."

எங்கள் பெட்டிக்காரர்கள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல இனி எனக்கு வேறு இடம் கிடைக்காது என்று அந்த நொடியில் நன்றாகவே தெரிந்தது.

"ஆமாம்மா," என்றேன்.