க்யிம்யிண்டைங் வரைபடமும் என் சமோவாக் குறிப்பேடும்

நான் ஆக்லாந்தில் மழலையர் பள்ளி ஆசிரியை. எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் சமோவாக் குடும்பத்தினர். ஆண்டுதோறும் அவர்கள் மொழியைக் கொண்டாடும் வாரத்தில், எந்த நாட்டு ஆசிரியராக இருந்தாலும் தன்னைப் பற்றி அந்த மொழியில் பேச வேண்டும். பெயரை மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. எந்த ஊர், பெற்றவர் யார், உடன்பிறந்தவர் யார் என்று ஒவ்வொருவராகச் சொல்வதுதான் அவர்கள் மரியாதை. என் அம்மா பிறந்தது மியான்மரின் யாங்கோனில், க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம். கண்ணால் பார்க்காத இடத்தை என் ஊர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடந்த மே மாதம், ராணுவ ஆட்சி நடக்கும் நாடு, வேண்டாம் என்று எல்லோரும் சொல்லியும், ஐந்து நாள் பயணமாகக் கிளம்பினேன்.

பாங்காக் வழியாகப் போனேன். யாங்கோன் விமான நிலையத்திலிருந்து நகர நடுவில் இருக்கும் பபேடானுக்கு 17 கிலோமீட்டர். டாக்சிக்கு முப்பதாயிரம் கியாட், ஒரு மணி பத்து நிமிடம். அங்கே மூன்றாவது மாடியில் சித்தி வீடு. அம்மா கல்யாணமாகித் திருச்சிக்குப் போனார். தங்கையான சித்தி யாங்கோனிலேயே வாழ்க்கைப்பட்டார். சித்திக்கு ஒரே மகன் ஸ்டீபன், வயது முப்பத்து மூன்று. அந்த வயது ஆண்களைத் தெருவில் பிடித்துப் படைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் அந்த வீடு மூச்சு விடுகிறது. மாலை ஆறு மணிக்கே சித்தி கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டார்.

இரண்டாம் நாள் காலை 9:40க்கு ஸ்டீபன் என்னுடன் கிளம்பினான். சித்தி அவன் சட்டைப்பையில் ஜெபமாலையை வைத்தார். டாக்சி ஓட்டுநர் ஊ முனுசாமி. 'ஊ' என்பது இங்கே பெரியவர்களுக்குப் போடும் மரியாதை. ஐந்து கிலோமீட்டர், போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து இருபத்தைந்தாயிரம் பேசினோம்.

வண்டியில் நான் அந்த சமோவா அறிமுகத்தை எழுதி வைத்திருந்த குறிப்பேட்டைத் திறந்து மனப்பாடம் செய்தேன். பெரியவர்கள் முன்னால் கடந்து போகும்போது சமோவாக்காரர்கள் குனிந்து 'துலோ' சொல்வார்கள், மூன்று வயதுப் பிள்ளைகள்கூட. ஸ்டீபன் சிரித்தான். "நாங்களும் அப்படித்தான் அக்கா குனியறது. 'கடோ' சொல்லுவோம்," என்றான். அவனுக்குத் தமிழ் புரியும், பேசினால் பர்மியச் சாயல் அடிக்கும்.

அம்மா பிறந்த வீடு இப்போது ஒரு மீன் கிடங்கு. எனக்கு அழுகை வந்தது, மீன் நாற்றமும் வந்தது. பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்று ஸ்டீபனிடம் ஒரு படம் கேட்டேன். படகுத்துறை, சந்தை, சாலை, வீடு எல்லாவற்றையும் அம்புக்குறி போட்டு என் குறிப்பேட்டில் வரைந்து கொடுத்தான். நான் சமோவா மொழியில் பெயர்களை எழுதினேன். என்ன காரியம் செய்தோம் என்று இருவருக்குமே உறைக்கவில்லை.

12:40க்குத் திரும்பும் வழியில் ராணுவத்தினர் சாலையை அடைத்திருந்தார்கள். என் கைப்பையைத் துழாவிய சிப்பாய் குறிப்பேட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தில் நின்றார். யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் ஒரு படகுத்துறை வரைபடம். அவர் பேசியதில் எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஸ்டீபனை மட்டும் இறக்கி லாரி பக்கம் நிற்க வைத்தது புரிந்தது. என்னிடம் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது, அவனிடம் என்ன இருக்கிறது?

தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார். அவரிடம் போக, பெஞ்சில் இருந்த இரண்டு முதியவர்களைக் கடக்க வேண்டும். பள்ளிப் பழக்கம். என்னையறியாமல் குனிந்து, கையைத் தாழ்த்தி, "துலோ" என்றேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்து ஏதோ கேட்டார்.

ஊ முனுசாமி பின்னால் வந்து பதில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "நம்ம கடோ மாதிரிதான்னு சொன்னேன் தாயி. நெசமாவே அந்த நோட்டுல இருக்குறது ஒரு பாஷையான்னு கேக்குறாரு. படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். என் பெயர், அம்மா பெயர், க்யிம்யிண்டைங். ஒரு மாதம் உருப்போட்டது, எழுத்தைப் பார்த்துப் படித்தும் தடுமாறியது. உடன்பிறந்தவர்கள் வரிக்கு வந்தபோது லாரியைப் பார்க்காமல் படித்தேன். அதிகாரி வரைபடப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார். மற்றதைத் திருப்பிக் கொடுத்து, போகலாம் என்று கையசைத்தார். மொத்தம் இருபத்தைந்து நிமிடம்.

வண்டியில் ஸ்டீபன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "அம்மாகிட்ட சொல்லாதீங்க." நான் இருந்த மீதி நாட்களில் அவன் வீட்டில் தூங்கவில்லை, இரவானால் வேறு எங்கோ போய்த் தங்கினான்.

போக நினைப்பவர்களுக்கு: கையால் எழுதிய எதையும் கொண்டு போகாதீர்கள். படம் வரையாதீர்கள், வரையச் சொல்லாதீர்கள். முக்கியமாக, உங்களுக்கு வழிகாட்ட உறவுக்காரரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். மாட்டினால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள்.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் பள்ளியில் பெற்றோர் முன்னால் குனிந்து 'துலோ' சொல்லிப் போய் நின்றேன். ஊரைச் சொன்னேன், அம்மாவைச் சொன்னேன். தம்பி பெயர் வரும் இடத்தில் நிறுத்தினேன். ஒரு சமோவாத் தாய், மறந்துவிட்டேன் என்று நினைத்து, மெல்லிய குரலில் எடுத்துக்கொடுத்தார்: உன் சகோதரன் பெயர்?

நான் சொல்லவில்லை. இந்தப் பதிவிலும் ஸ்டீபன் என்பது அவன் பெயர் இல்லை.