பதினான்கு வீடுகளில் என் குரல்

1. விஜயதசமி காலை

விஜயதசமி அன்று காலை பத்து மணிக்குள் எனக்கு ஐந்து போன் வந்துவிட்டது. ஐந்து பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நான் பேசுகிறேனாம்.

நாமக்கல்லில் இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிறேன், சர்வீஸும் பார்க்கிறேன். டிஸ்ப்ளே வரவில்லை, ஃபேன் கத்துகிறது, கோழிப்பண்ணைத் தூசி போய் போர்டு அடைத்துக்கொண்டது என்று எத்தனையோ புகார் கேட்டாயிற்று. உங்கள் குரல் கேட்கிறது என்று எவரும் சொன்னதில்லை. முதல் ஆள் சொன்னபோது சிரித்தேன். மூன்றாவது ஆள் சொன்னபோது கடைக்கு வெளியே வெயிலில் போய் நின்றுகொண்டேன்.

ஐந்தாவது போன் மேட்டூரிலிருந்து வந்தது. மாதேசண்ணன் அங்கே அனல் மின் நிலையத்தில் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகள் வெளிநாட்டில். தனி ஆள். பொழுது போவதற்குப் பேய் கேம் விளையாடுவார். அலாரம் அடித்தால்கூட நிதானமாக எழுந்து பார்க்கிற ரகம்.

"ஏனுங் தம்பி, இந்தப் புது கேம்ல நீங்களும் நடிச்சிருக்கீங்களாட்ட இருக்குது. சமையக்கட்டுக்குள்ளாற இருந்து பேசறீங்க. யாருங்க அதுன்னு கேட்டா பதிலும் சொல்றீங்க."

என்ன பதில் என்று கேட்டேன்.

"'வாங்கிட்டேன் சாமி'ன்னு சொல்றீங்க."

அந்த வார்த்தையை நான் இரண்டு நாள் முன்பு சொல்லியிருந்தேன். ஒரே ஒருத்தியிடம், போனில், கடையில் வேறு ஈ காக்கை இல்லாதபோது.

2. மாஸ்டர் டிஸ்க்

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்காக எழுதுவதால், எங்கள் வேலை முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாக சாஃப்ட்வேர் ஏற்றிக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். அதனால் ஒரு மாஸ்டர் டிஸ்க் வைத்திருப்போம். தேவையான எல்லாவற்றையும் அதில் ஏற்றிச் சரிபார்த்து, அதையே மற்ற டிஸ்குகளுக்கு குளோன் அடித்துவிடுவோம். மாஸ்டரில் என்ன இருக்கிறதோ, அது அச்சு அசலாக எல்லா வீட்டுக்கும் போகும்.

என் கடையில் மாஸ்டரோடு இரண்டு மூன்று கேமும் போகும். எல்லாம் கிராக் செய்த, அதாவது பூட்டை உடைத்த, காப்பி. "பார்த்துட்டுப் புடிச்சா ஒரிஜினல் வாங்கிக்குங்க" என்று சொல்லிக் கொடுப்பேன். இதைத் திருட்டு என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். சந்தையில் நிலக்கடலை வாங்குகிறவன் நாலு காயை உடைத்து வாயில் போடாமலா வாங்குகிறான் என்று கேட்பேன். ஒரு நியாயமும் இருந்தது. ஆரம்ப காலத்தில் என் கஸ்டமர் ஒருவர் ஒரிஜினல் சிடி வாங்கி, அது அவர் மெஷினில் ஓடாமல், விற்ற இடத்தில் திருப்பி எடுக்காமல், என் கடையில் வந்து கண் கலங்கினார். அன்றைக்கு எடுத்த முடிவு இது. பார்த்த பிறகு எத்தனை பேர் வாங்கினார்கள் என்று மட்டும் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எங்கள் பக்கத்தில் புது மெஷின் எதுவானாலும் ஆயுத பூஜைக்கு வீட்டில் இருக்க வேண்டும். சந்தனம் குங்குமம் வைத்து, பொரி படைத்து, அன்றைக்கு முழுக்க அதைத் தொடாமல் ஓய்வு கொடுத்துவிட்டு, மறுநாள் விஜயதசமியில்தான் முதலில் ஆன் செய்வார்கள். அந்த வருடம் பதினான்கு மெஷின் ஆர்டர். பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் மாஸ்டரை முடித்தாக வேண்டும்.

அதில் ஏற்றுவதற்கு ஒரு புது கேம் கிடைத்திருந்தது. செய்தவள் கோகிலா. நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் விவசாயம் செய்கிற குடும்பம். சென்னையில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தவள், அதை விட்டுவிட்டு வந்து, என்னிடம் வாங்கிய மெஷினில் இரண்டு வருடம் உட்கார்ந்து ஒற்றை ஆளாகச் செய்தாள். ஆளில்லாத ஒரு தோட்டத்து வீடு. வாசலில் மஞ்சள் காய்கிறது. நாம் சத்தமில்லாமல் அறை அறையாகப் போக வேண்டும். மைக் வழியாக வீடு நம்மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். நாம் இருமினால், பேசினால், அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு வேறு ஏதோ அறையிலிருந்து நமக்கே திருப்பிக் கேட்க வைக்கும்.

வெளியிட்ட நாலாம் நாளே கிராக் காப்பி வந்துவிட்டது. அதை இறக்கி, ஹெட்செட் மாட்டாமல் பக்கத்தில் வைத்துவிட்டு, முதல் பாகத்தைத் தாண்டி கொஞ்ச தூரம் விளையாடினேன். பட்டப்பகல்தான். இருந்தும் ஒரு தடவை எழுந்து கடையின் பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தேன். அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாள்.

அப்போது அவளே போன் செய்தாள். கையில் வேலை இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். கேமை வாங்கிவிட்டீர்களா என்று கேட்டாள். அதன் கிராக் காப்பி என் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு வாங்கத்தானே போகிறோம், இதில் என்ன இருக்கிறது என்று நினைத்து வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கள் பக்கம் சின்னவர்களைச் செல்லமாக 'சாமி' என்றுதான் கூப்பிடுவோம்.

"வாங்கிட்டேன் சாமி. நம்ம கஸ்டமர் பதினாலு பேரும் வாங்கறாங்க."

சந்தோஷமாக வைத்தாள். பக்கத்தில் கிடந்த ஹெட்செட்டின் மைக்கை நான் மறந்தேன். சோதனைக்கு விளையாடியதும் பிடித்த குரலும் பதிவாகியிருக்கிற சேவ் ஃபைலை அழித்துவிட்டுத்தான் குளோன் அடிக்க வேண்டும், அது எங்கள் தொழிலில் பால பாடம். டெலிவரி அவசரத்தில் அதையும் மறந்தேன். பொழுது சாய்வதற்குள் பதினான்கு டிஸ்கும் முடிந்து, ராத்திரிக்குள் பதினான்கு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. மறுநாள் முழுக்க அவை பூவும் பொட்டுமாகச் சும்மா இருந்தன.

3. சமையற்கட்டு

விஜயதசமி மத்தியானமே மேட்டூருக்குப் போய்விட்டேன். மாதேசண்ணன் வீட்டில் மானிட்டரின் நெற்றியில் குங்குமம் அழியாமல் இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் வெயில் அடித்தது. அவர் கேமைத் திறந்து, தோட்டத்து வீட்டின் நடையில் போய் நின்றார்.

"யாருங்க உள்ள?" என்று மைக்கில் கேட்டார். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஓர் இருமல் கேட்டது. என் தூசி இருமல். இருபது வருடமாக என் கூடவே இருப்பது, எனக்குத் தெரியாதா? ஒரு நாற்காலி நகர்ந்தது. அப்புறம் அந்தக் குரல், குழைவாக, கஸ்டமரிடம் பேசுகிற என் குரல், "வாங்கிட்டேன் சாமி" என்றது.

அண்ணன் இன்னொரு முறை கேட்டார். இந்த முறை குரல் பின்புறத் தாழ்வாரத்திலிருந்து வந்தது. "பதினாலு பேரும் வாங்கறாங்க." அவர் நடக்க நடக்க அது அறை மாறிக்கொண்டே இருந்தது. நாம் பேசினால் உடனே பேசியது. நாம் சும்மா இருந்தால் அதுவும் காத்திருந்தது. நான் செத்துப்போய் அந்த வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பதை உயிரோடு நானே நின்று பார்ப்பது போல இருந்தது. உண்மையைச் சொன்னால், பயந்துபோனேன்.

"ஹெட்செட்ல கேளுங். இன்னொரு ஆளும் இருக்குது" என்றார் அண்ணன்.

மாட்டினேன். என் இருமலுக்கும் என் பதிலுக்கும் நடுவில், தரைக்கு அடியிலிருந்து வருவது போல மெல்லிசாக ஒரு பெண் குரல் கேட்டது. "வாங்கிட்டீங்களாண்ணா?" அவள் கேட்க, நான் பொய் சொல்ல, மறுபடி அவள் கேட்க, மறுபடி நான் பொய் சொல்ல, அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. பதினான்கு வீட்டிலும் இதே நேரத்தில் இதுதான் ஓடுகிறது. ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டேன்.

சேவ் ஃபைலை அழித்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். அவசரமில்லை என்றார் அண்ணன்.

"எங்க பிளாண்டுல கோளாறுன்னா மொதல்ல லாக் புக்ல எழுதோணுங். கேம்லயே அட்ரஸ் இருந்துச்சு. குரலை ரெக்கார்டு பண்ணி, சமையக்கட்டுல இருக்கறவரு போக மாட்டீங்கறாரு, என்ன பண்றதுன்னு கேட்டு, காலையிலயே அந்தப் புள்ளைக்கு அனுப்பி உட்டுட்டேன்."

அவர் மேல் தப்பே இல்லை. அவர் கேட்டது, என்னிடம் காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றி.

4. கோகிலா

மறுநாள் காலை கடை திறக்கும்போதே கோகிலா வாசலில் ஸ்கூட்டியோடு நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தன் போனைக் கல்லா மேல் வைத்து ரெக்கார்டிங்கை ஓடவிட்டாள். அவள் குரலும் என் குரலும் என் கடைக்குள்ளேயே இன்னொரு முறை கேட்டன.

நீங்கள்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உடனே என் பழைய பாட்டை எடுத்துவிட்டேன். சிடி வாங்கி அழுதவர், நிலக்கடலை, பிடித்தால் வாங்குவது. அவள் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள்.

"மொத பாகத்தச் சும்மாதானுங்கண்ணா போட்டிருக்கறேன், வெளையாண்டு பாத்துட்டு வாங்கட்டும்னு. நீங்க பாக்கவே இல்லீங்களா?"

பார்க்கவில்லை. கிராக் காப்பியைத் தேடிய நேரத்தில் பாதி கூட ஆகியிருக்காது, அவள் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்க்க. ருசி பார்க்க அவளே கொடுத்திருந்ததை விட்டுவிட்டு, மூட்டையையே தூக்கி வந்து, ருசி பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாஸ்டர் டிஸ்கைப் போட்டுப் பார்த்தாள். முதல் பாகத்தைத் தாண்டியவர் கேமைத் திறக்கும்போதெல்லாம் அது லைசென்ஸைச் சரிபார்க்கும், முந்தின முறை பிடித்து வைத்த குரலையெல்லாம் அதே இடத்தில் அழித்தும் விடும். பூட்டை உடைத்தவர்கள் அந்த இடத்தையே வெட்டி எறிந்துவிட்டார்கள், அதனால் குரல் போக வழியில்லாமல் போய்விட்டது. எனக்கு வைத்த பொறியாக இருந்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். அப்படியும் இல்லை.

பிறகுதான் அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். சென்னைக் கம்பெனி அவளைத் திரும்பக் கூப்பிட்டிருந்தது. ஆயுத பூஜை அன்று பதில் சொல்ல வேண்டும். கேம் ஓரளவாவது விற்றால் ஊரிலேயே இருந்து அடுத்ததைச் செய்வது, இல்லையென்றால் கிளம்பிவிடுவது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். நான் வாங்கிவிட்டதாகச் சொன்ன நாளில் விற்பனைக் கணக்கில் ஒருவர்கூட இல்லை.

"கணக்குதான் தப்புன்னு நெனச்சனுங்கண்ணா. நீங்க வாங்கியும் காட்டலீன்னா, இன்னும் எத்தன பேரைக் காட்டாம இருக்குமோன்னு தோணுச்சு. பூஜையன்னிக்கு வேலைக்கு வரலீன்னு எழுதிட்டேன்."

நான் அந்தக் கம்பெனியிடம் பேசுகிறேன் என்று அபத்தமாக ஏதோ சொன்னேன். வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம், இடம் வந்தால் கூப்பிடுகிறோம் என்றார்களாம். அவள் அழவில்லை.

அந்த வாரம் பதினான்கு வீட்டுக்கும் நானே போனேன். கொடுத்தது கிராக் காப்பி என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அழித்துவிட்டு வந்தேன். சிலர் சிரித்தார்கள், ஒருவர் திட்டினார். மாதேசண்ணன் நான் இருக்கும்போதே ஒரிஜினலை வாங்கி விளையாடினார். சமையற்கட்டு அமைதியாக இருந்தது. நீங்கள் இல்லாமல் அந்த வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றார். அவருக்கு அதில் வருத்தம்தான்.

இப்போது என் மாஸ்டரில் கேம் கிடையாது. முதல் பாகம் இலவசமாக இருந்தால் அதைக் காட்டுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்த்துவிட்டு வாங்குகிறேன் என்பவன் பார்த்த பிறகு வாங்கினானா என்று தன்னையே ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். நான் இருபது வருடம் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு சின்னப் பெண்ணின் பிழைப்பு அதில் போயிற்று.

கடைசி வீட்டை முடித்துவிட்டு வந்த அன்றே என் பெயரில் கேமை வாங்கினேன். வாங்கிய கையோடு கோகிலாவைக் கூப்பிட்டு, நிஜமாகவே வாங்கிவிட்டேன் என்றேன்.

"சரிங்கண்ணா. கணக்கப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.