மிளகாய்க் கையும் எலுமிச்சைச் சாறும்

சாறண்ணன் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. அதனால் என்ன குறைந்துவிட்டது? தள்ளுவண்டியில் தொடங்கி, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆறு மேசை போட்ட சாப்பாட்டுக்கடை வரைக்கும் தன் கையை நம்பியே வந்துவிட்டார். அந்தக் கையால் அவர் எலுமிச்சை பிழிவதைப் பார்க்க வேண்டும். பழத்தை மேசைமேல் அழுத்தி உருட்டுவார், குறுக்கே வெட்டுவார், இடது கையைக் குவித்துக்கொண்டு அதற்குள் பிழிவார். விரலிடுக்கில் சாறு இறங்கும், விதை கையோடு நின்றுவிடும். வடிகட்டியெல்லாம் கையாலாகாதவர்களுக்கு என்பது அவர் கட்சி.

ஆனால் கடையில் எலுமிச்சைப் பானம் கலப்பது அவர் மனைவி. அடுப்பு அவருக்கு, பானம் அவளுக்கு என்று முதல் நாளே பாகம் பிரித்தது அவள்தான். மிளகாய் தொட்ட கை எலுமிச்சையைத் தொடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

பக்கத்தில் புதுக்கடை ஒன்று வந்ததிலிருந்து இவர்கள் கடையில் ஈ ஓட்டும் பிழைப்பு. நல்லவேளையாக, பேருந்து நிலையத்தை ஒட்டிய அலுவலகத்தில் மதியச் சாப்பாடும் பானமும் தினமும் வேண்டுமென்று கேட்டார்கள். ருசி பார்க்க மேலாளரம்மா வருவதாக ஏற்பாடு. அந்த ஆர்டர் கைநழுவினால் மனைவியின் அண்ணன் வைத்திருக்கும் இரும்புக்கடையில் போய் ஆணி நிறுக்க வேண்டியதுதான். மச்சானிடம் கைகட்டி நிற்பதைவிட ஆணியையே விழுங்கிவிடலாம்.

அந்தம்மா வரும் நாள் காலையில் சாறண்ணன் வாய் சும்மா இருந்ததா?

"தண்ணியில சர்க்கரையப் போட்டுக் கலக்குறதெல்லாம் ஒரு வேலையா?" என்றார்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப இன்னிக்கு நீங்களே கலக்குங்க. நான் உக்காந்து வேடிக்கை பாக்குறேன்."

"பாரு, பாரு. பாத்துக் கத்துக்க."

அரைத்த பச்சைமிளகாயைக் கோழித்துண்டுகளில் வெறும் கையால் பிசைந்து ஊறவைத்தார், வறுத்தார். அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சை பிழிந்தார். கொதிக்கும்போது பிழிந்தால் கசந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? பிறகு கையைத் தண்ணீரில் காட்டிவிட்டுப் பானத்துக்கு வந்தார். நெருப்பைத் தொட்டுத் தொட்டுக் காய்த்துப்போன கை. மிளகாய் எரிச்சலெல்லாம் அதற்கு உறைக்காது. அதே விரலிடுக்கு வழியாகப் பத்துப் பழத்துச் சாற்றையும் இறக்கினார்.

மேலாளரம்மா கோழியை ருசித்து, "பிரமாதம்!" என்றார். பானத்தை ஒரே மடக்காகக் குடித்தார். அவ்வளவுதான். இருமல் பிடித்துக்கொண்டது. மூக்கு சிவந்தது, கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

"யாருங்க... இதக் கலக்குனது?"

உலகத்தில் நடந்த நல்லதுக்கெல்லாம் தன் மார்பைத் தட்டிக்கொள்ளும் மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாக விரலை மனைவி பக்கம் நீட்டினார்.

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, புதிதாக நாலு பழம் வெட்டினாள். மரப்பிழிவானில் பிழிந்து, துணியில் வடிகட்டி, சர்க்கரையும் துளி உப்பும் போட்டுக் கொடுத்தாள். மேலாளரம்மா பயந்து பயந்து ஒரு வாய் வைத்தவர், தம்ளரைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

"இது மாதிரின்னா நாளையிலேருந்தே அனுப்புங்க."

"அதுக்கு இவரு ஒண்ணு சொல்லணும்மா," என்றாள் மனைவி. "சொல்லுங்க. கலக்குறது ஒரு வேலையா?"

சாறண்ணன் மிளகாய்க் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "பெரிய வேலைங்க. ரொம்பப் பெரிய வேலை."

சாயங்காலம் மச்சான் போன் செய்தார். "என்ன மாப்ள, எப்ப வர்றீங்க?"

"எங்க வர்றது? ஆர்டர் கெடச்சிருச்சு மச்சான்! என் கையால கலக்குனதக் குடிச்சிட்டு அந்தம்மா அழுதுட்டாங்க, தெரியுமா?"

உள்ளேயிருந்து ஒரு எலுமிச்சை மூடி பறந்து வந்து அவர் முதுகில் விழுந்தது.