மணல்ல ஏறுமா?

எங்கள் வீட்டுக்கு வண்டி வாங்குவது என்று முடிவானபோது நான் ஐந்தாம் வகுப்பு. திருவொற்றியூரில், கடல் அரிப்புக்காகக் கொட்டிய பாறாங்கற்களுக்கு நடுவே கொஞ்சூண்டு மணல் மிச்சமிருந்த ஒரு குப்பத்தில் குடியிருந்தோம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு மீன் பிடிக்க ஒரு ஃபைபர் போட்டு சொந்தமாக இருந்தது. தரையில் ஓடுவது என்று பார்த்தால் ஒரு சைக்கிள், அதற்கும் செயின் நிற்காது. வண்டிப் பேச்சு எழுந்த நாளிலிருந்து நான் தெருவில் நடக்கும்போதே ஜன்னலோரம் உட்கார்ந்து வருகிறவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"இன்னாத்துக்கு நைனா வண்டி?" என்று கேட்டேன்.

"நீ ஸ்கூலுக்குப் போவத்தான். வலை, ஐஸ் பொட்டி அல்லாத்தையும் ஏத்திகினு, அப்புடியே ஒன்னியும் கொண்டுபோய் வுட்டுட்டு வருவேன்."

வலையும் ஐஸ் பெட்டியும் என் காதில் விழவே இல்லை.

தேடும் பொறுப்பு மாமாவிடம் போனது. மாமா அம்மாவின் தம்பி, துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். சக்கரம் வைத்த எதுவும் தன்னைக் கேட்டுத்தான் உருள வேண்டும் என்ற நினைப்பு அவருக்கு. எண்ணூர் ரோட்டில் லாரி வரிசை நகராமல் கிடக்கும் நேரமெல்லாம் போனில் பழைய வண்டிப் படங்களாகப் பார்த்து, தரகர்களுக்கே பாடம் எடுக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்.

முதலில் புழலில் ஒரு வண்டியைப் பார்த்தோம். வெள்ளை நிறம், பெரிய டயர், பின்னால் சாமான் போடத் தாராளமான இடம், போதாததற்குப் பாட்டு வேறு. எனக்கும் மாமாவுக்கும் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. அம்மா மட்டும் கதவைத் திறந்து, சீட்டில் மூக்கை வைத்து மோந்து பார்த்தாள். உள்ளே சென்ட் வாசனை தூக்கியது.

"காயாம சுருட்டி வெச்ச வலை நாத்தம் அடிக்கிது. தண்ணியில முங்கின வண்டி இது," என்றாள்.

பெருமழையில் மூழ்கிய வண்டிகளைத் துடைத்து விற்றுக்கொண்டிருந்த காலம் அது. விற்பவர் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாக மறுத்தார். மாமா காலடி விரிப்பைத் தூக்கினார். அடியில் வண்டல் காய்ந்து அப்பிக் கிடந்தது. நான் திரும்பும் வழியெல்லாம் அம்மாவின் மூக்கைச் சபித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்தது வண்ணாரப்பேட்டையில் ஒரு துணி வியாபாரியின் குட்டி லோடு வண்டி. விலை கட்டுப்படியாகும், டீசல் அதிகம் குடிக்காது, எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும் என்று மாமா அடுக்கினார். நைனா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மணல்ல ஏறுமா?"

"மணல்ல இன்னாத்துக்கு ஏறணும்? ரோட்டுல ஓடத்தான வண்டி?"

"புள்ள ஸ்கூலுக்குப் போவணும்ல," என்றார் நைனா.

என் பள்ளிக்கூடத்துக்கு வாசல் வரைக்கும் தார் ரோடு. இது மாமாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மாமா வாயைத் திறப்பதற்குள் அம்மா, "நீ கம்முனு இரு," என்று அவரை அடக்கிவிட்டாள். எனக்காக நைனா இவ்வளவு தூரம் யோசிக்கிறாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் நைனா சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். காய்ச்சல் என்று எனக்குச் சொன்னார்கள். திரும்பி வந்த பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. போட்டைப் பக்கத்து வீட்டு அண்ணன் ஓட்டினார். எங்கள் குப்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. எவனுடைய போட்டாக இருந்தாலும் கரைக்கு வந்தால், கரையில் இருக்கிற ஆம்பிளைகள் அத்தனை பேரும் எழுந்துபோய்த் தோள் கொடுக்க வேண்டும். கழியைக் கோத்து, பாதி தூக்கிப் பாதி இழுத்து, மணல்மேட்டில் ஏற்றிவிட்டுத்தான் விட்ட சோற்றைத் தொடுவார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, போட்டுகள் திரும்பும் நேரம் பார்த்து நைனாவுக்கு வீட்டுக்குள் ஏதாவது வேலை வந்துவிடும். எங்கள் போட்டை மற்றவர்கள் ஏற்றிவைப்பார்கள். வேலைக்கு டிமிக்கி கொடுப்பதில் நைனா என்னைவிடக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வண்டி வியாசர்பாடியில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் நின்றது. பழைய ஜீப். மேலே தார்ப்பாய், ஒரு பக்கக் கதவு நசுங்கல், நிறம் இன்னது என்று சொல்ல முடியாது. எனக்கு அழுகை முட்டியது.

"பாக்க கலீஜாத்தான் கீது. ஆனா நாலு வீலும் இழுக்கும்," என்றார் மெக்கானிக்.

நைனா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் படுத்து அடியில் நுழைந்தார். போட்டின் அடிப்பக்கத்தை விரிசலுக்குத் தட்டிப் பார்ப்பதுபோல இரும்பை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் காது கொடுத்தார். வெளியே வந்தவர், ஞாயிற்றுக்கிழமை எங்கள் மணலில் ஓட்டிக் காட்டினால் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

ஞாயிறு காலை மெக்கானிக் ஜீப்பைக் கொண்டுவந்து ரோட்டோரம் நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போனார். மாமாவுக்கு அவர் திரும்பும்வரை பொறுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டு, மணலில் இறக்கிவிட்டார். பத்தடி போயிருக்கும். பின்சக்கரங்கள் மணலை வாரி இறைத்துக்கொண்டு புதைந்தன. மாமா மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் கீழே போனது.

கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். மணலில் எது மாட்டினாலும் அவர்களுக்குப் போட்டுதான் போலிருக்கிறது. கழிகளைக் கொண்டுவந்து ஜீப்புக்கு அடியில் செருகித் தோளைக் கொடுத்தார்கள். நைனாவும் ஓடினார். ஒரு கழியின் நுனிக்குக் கீழே அவர் குனியும்போது அம்மா அலறினாள்.

"இந்தாய்யா! இங்க வா. இந்தக் கவுத்தைப் புடி."

நைனா திரும்பி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கயிற்றின் மறுமுனை எதிலும் கட்டியிருக்கவில்லை, சும்மா மணலில் கிடந்தது. நான் அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

டீக்கடையிலிருந்து ஓடிவந்த மெக்கானிக், முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் இருந்த திருகைக் கையால் திருப்பிவிட்டார். அதைத் திருப்பாமல் முன்சக்கரம் இழுக்காதாம். "இதுகூட தெரியாமயா லாரி ஓட்டிகினு கீற?" என்று மாமாவைக் கேட்டார். மாமா டீ குடிக்கப் போய்விட்டார்.

பிறகு ஜீப் மேலேயும் கீழேயும் மணலில் சுலபமாக ஓடியது. அந்த நேரம் கடலிலிருந்து ஒரு போட்டு வந்தது, எங்களுடையது இல்லை. நைனா தன் கையிலிருந்த கயிற்றை எடுத்துக்கொண்டு போய் அதன் மூக்கில் கட்டி, மறுமுனையை ஜீப்பில் மாட்டினார். போட்டு தானாக நடந்து வருவதுபோல மேட்டில் ஏறியது. தோள் கொடுக்க வந்தவர்கள் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கூடவே நடந்தார்கள். அன்றைக்கே வண்டி எங்களுடையதாகிவிட்டது.

ஆனால் ஸ்கூல் வண்டி என்பது என் கணக்கில் மட்டும்தான் இருந்தது. தினமும் காலையில் நைனா ஜீப்பை மணலில் இறக்கிவிடுவார். ஊர் போட்டெல்லாம் ஏறி முடிந்து, கடைசியாக எங்கள் போட்டும் ஏறிய பிறகுதான் என் முறை. ஒருநாள் யாரோ டீசல் காசு நீட்டியபோது நைனாவுக்கு அப்படியொரு கோபம் வந்தது. நானும் ஒருநாள் பொறுக்காமல் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

"எனக்குன்னு வாங்கின வண்டிதானே? அல்லாருக்கும் ஏன் நைனா இழுக்குற?"

நைனா குனிந்து, ஏற்கெனவே திருப்பியிருந்த முன்சக்கரத் திருகை மறுபடியும் திருப்பிப் பார்த்தார். தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன், அதனால்தான் தலை குனிகிறார் என்று நினைத்தேன்.

நைனா ஆஸ்பத்திரியில் இருந்தது காய்ச்சலுக்காக இல்லை, நெஞ்சுவலிக்காக. இனி எடை தூக்கினால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்ததை, நான் பெரியவளான பிறகு ஒருநாள் அம்மா மீன் அரிந்துகொண்டே சொன்னாள். அவ்வளவு மாதமும் ஊர்த் தோளில் தன் போட்டு ஏறுவதை அந்த மனிதர் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு எப்படித் தாங்கினாரோ தெரியவில்லை.

நான் கத்திய அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாது. பையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, ஸ்கூலுக்கு நேரமாகிறது என்று ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். நைனா கயிற்றை எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தார். இன்னும் ஒரு போட்டு பாக்கி இருந்தது.