படி இறங்காத அம்மா

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும் நண்பர்களுக்கும் மகளாக என் வணக்கம். அழுது வடிகிற எழுத்து அம்மாவுக்குப் பிடிக்காது. அதனால் முடிந்தவரை சிரித்த முகத்தோடுதான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது பீர்க்கன்கரணையில். ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த காலம் அது. பெரிய கூட்டுக் குடும்பம். புத்தகத்தைப் பிரித்தால் போதும், யாராவது ஒரு குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டுவிட்டுப் போவார்களாம். தாம்பரத்தில் அந்தப் பழைய கல்லூரியில் கணிதம் படிக்க இடம் கிடைத்ததும் தாத்தா அம்மாவை விடுதியிலேயே சேர்த்துவிட்டார். கூப்பிடு தூரத்தில் வீட்டை வைத்துக்கொண்டு பெண்ணை ஹாஸ்டலில் விடுகிறாரே என்று ஊரே பேசியது. தாத்தா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மகளிர் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. இறுதியாண்டு மாணவிகள் விடைபெறும் மாலையில், முதலாண்டுப் பெண்கள் வாசற்படிகளின் இருபுறமும் அகல் விளக்கோடு நிற்பார்கள். இருப்பவர்களில் வயதில் இளையவள் கீழே நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். பெயர் கேட்டவர் “போயிட்டு வரேன்” என்று சொல்லிப் படி இறங்க வேண்டும். இறங்கிவிட்டால் அன்றிலிருந்து அவர் விடுதிக்கு விருந்தாளி. அடுத்த முறை வந்தால் பார்வையாளர் அறையில் உட்கார்ந்து, காபி கொடுத்தால் குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அம்மாவின் முறை வந்தபோது அவருக்கு அம்மை போட்டுவிட்டது. அன்று காலையிலேயே தாத்தா வந்து பின்வாசல் வழியாக அழைத்துப் போய்விட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மா எழுந்து நடமாடுவதற்குள் விடுமுறைக்கு விடுதியைப் பூட்டிவிட்டார்கள். ஆக, அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவரும் படி இறங்கவில்லை.

வேறு யாராவது என்றால் குறைப்பட்டுக்கொண்டிருப்பார்கள். அம்மா அதையே தன் உரிமையாக்கிக்கொண்டார். திருமணமாகிப் பெருங்களத்தூரில் குடித்தனம் வைத்து, பள்ளியில் கணக்கு டீச்சரான பிறகும், நினைத்தால் நார்த்தங்காய் ஊறுகாயோடு விடுதிக்குக் கிளம்பிவிடுவார். பார்வையாளர் அறையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்த் தட்டை எடுப்பார். புதிதாக வருகிற வார்டன் யாராக இருந்தாலும் ஒருமுறை தடுத்துப் பார்ப்பார். “என்னை இன்னும் கூப்பிடலைங்க. நான் எப்படி விருந்தாளி ஆவேன்?” என்று அம்மா கேட்பார். கணக்கு டீச்சரோடு வாதாடி யார் ஜெயிக்க முடியும்?

அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது, அம்மாவின் சம்பளமும் மாலை டியூஷனும்தான் எங்களைக் கரை சேர்த்தன. என் படிப்பும் தம்பியின் படிப்பும் ஒரு நாள்கூடத் தடைப்படவில்லை. அந்த வருடங்களில்தான் அம்மா அடிக்கடி விடுதிக்குப் போனார். அங்கே அவர் யாருக்கும் மனைவி இல்லை, யாருக்கும் அம்மாவும் இல்லை. திரும்பி வரும்போது முகம் தெளிந்திருக்கும். “ஹாஸ்டல் பொண்ணு வந்தாச்சு, சோறு வைங்கப்பா” என்று அப்பா கிண்டல் செய்வார். அம்மாவும் விட்டுக்கொடுக்காமல் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

நாளடைவில் அம்மாவுக்கென்று ஒரு சடங்கே சேர்ந்துவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் கடைசிப் பெண் படி இறங்கியதும், கீழே நிற்பவள் நிமிர்ந்து பார்ப்பாள். மேற்படியில் அம்மா கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் நின்றிருப்பார். “அக்கா, உங்களைக் கூப்பிடட்டுமா?” என்பாள். விடுதியில் எந்த வயதிலும் அக்காதான். அம்மா, “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பார். கூட்டம் கைதட்டிச் சிரிக்க, விழா முடியும்.

சென்ற ஆண்டு சிறுநீரக நோய் அம்மாவை மிகவும் தளர்த்திவிட்டது. விழாவுக்குப் போயே தீருவேன் என்றார். பெண்கள் அவரைச் சக்கர நாற்காலியோடு மேற்படிக்குத் தூக்கிப் போனார்கள். அந்த ஆண்டின் சின்னப் பெண் கேள்வியைக் கேட்டபோது அவள் குரல் நடுங்கியது. அடுத்த வருடம் இல்லை என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மா வழக்கம்போலவே, “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்றார். அதோடு, “இன்னைக்கு சாம்பார்ல உப்பு கம்மி. யாருமே சொல்லலியா?” என்றும் கேட்டார். சில வாரங்களில் எங்கள் வீட்டிலேயே, அப்பாவின் கையைப் பிடித்தபடி அமைதியாகக் கண்மூடினார்.

சென்ற மாதம் வார்டன் வீட்டுக்கு வந்தார். இந்த ஆண்டாவது அம்மாவின் பெயரைக் கூப்பிட்டு முறையாக விடைகொடுத்துவிடலாமா, பிள்ளைகள் கேட்கிறார்கள் என்றார். எனக்கு அது சரியென்றே பட்டது. எத்தனையோ வருடமாக நிலுவையில் நிற்பது நல்லபடியாக முடியட்டுமே என்று நினைத்தேன். தம்பிக்கும் அதே எண்ணம்தான். அப்பா மட்டும் பிடி கொடுக்கவில்லை. “அங்க வந்து சொல்றேம்மா” என்றார்.

விழாவன்று விருந்தாளிகளாகப் படிக்குக் கீழே நின்றோம். கடைசிப் பெண்ணும் இறங்கியாயிற்று. மேற்படியில் யாரும் இல்லை. சின்னப் பெண் அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு, மேலே பார்த்து, “அக்கா, உங்களைக் கூப்பிடட்டுமா?” என்றாள். அதிர்ந்து பேசத் தெரியாத எங்கள் அப்பா, எல்லோருக்கும் கேட்கும்படி, “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்றார். கூட்டம் அழுதுகொண்டே கைதட்டியது. அப்பா சொன்னதுதான் சரி என்று எனக்கும் அப்போது புரிந்தது.

அம்மாவை முகம் சுளிக்காமல் கவனித்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும், ராத்திரி பகல் பாராமல் காரை எடுத்த எதிர்வீட்டு அண்ணனுக்கும், துக்கத்தில் எங்களோடு நின்ற உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. விடுதிப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அம்மா இனி உங்கள் பொறுப்பு. சாம்பாரில் மட்டும் உப்பைச் சரியாகப் போடுங்கள்.