தினமும் எடுத்து வைத்த பணம்

பூட்டு விற்கிறவருக்கே பூட்டின் மேல் நம்பிக்கை இல்லை என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? அவருக்கு ஹார்டுவேர் கடை. ஆணி, பெயிண்ட், குழாய், பூட்டு என்று எல்லாம் விற்பார். சாயங்காலம் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு நாலெட்டு நடப்பார். திரும்பி வந்து பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். மறுபடி நடப்பார், மறுபடி வருவார். எதிர்க்கடை பேக்கரிக்காரர், "அண்ணே, பூட்டு கழண்டு கையோட வந்துடப் போகுது, விடுங்க" என்று கத்துவார்.

சும்மா வந்த பயமில்லை அது. கல்யாணமான புதிதில் எவனோ கல்லாவை உடைத்துச் சுத்தமாக வழித்துக்கொண்டு போயிருந்தான். அதற்குப் பிறகு அவர் கல்லாவில் ராத்திரி சல்லிக்காசு தங்கியதில்லை. மாலையில் எடுத்துவந்து வீட்டு பீரோவில் வைப்பார், காலையில் கொண்டுபோய்ப் போடுவார்.

மனைவி வீட்டிலிருந்தே பள்ளிச் சீருடையும் ஜன்னல் திரையும் தைத்துக் கொடுத்தவள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மகளின் படிப்புக்கென்று ஒரு தொகை சேர்த்திருந்தாள். ஆஸ்பத்திரியில், இரண்டு வார்த்தை பேசினாலே மூச்சு வாங்கிய நாட்களில், அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, அது பாப்பா படிப்புக்கு. பத்திரமாப் பாத்துக்குங்க."

"நான் பாத்துக்கறேன். நீ பேசாம படு" என்றார். அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

பணத்தை பேங்கில் போட்டால் வளரவே வளராது என்று பெயிண்ட் கம்பெனி விற்பனையாளர் ஒருவர் அவர் போனில் ஒரு செயலியை இறக்கிக் கொடுத்தார். பெரிய கம்பெனிகளின் பங்குகளையெல்லாம் கலந்து வைத்த ஒரு நிதி. பகல் முழுக்க அதை வாங்கலாம், விற்கலாம். 'கமிஷன் கிடையாது' என்று திரை முழுக்கக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே எறும்பு மாதிரி ஊர்ந்த எழுத்தில் 'வாங்கும், விற்கும் ஒவ்வொரு ஆணைக்கும் செயலாக்கக் கட்டணம்' என்று இருந்தது. கமிஷனுக்கு வேறு பேர் வைத்துவிட்டால் கமிஷன் இல்லாமல் போய்விடுமாம். என்ன சாமர்த்தியம் பாருங்கள்! அவர் கொட்டை எழுத்தை மட்டும் படித்தார்.

பணத்தைப் போட்ட முதல் நாள் மத்தியானம் தாண்டியதுமே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் பணம் எங்கோ வெளியே கிடக்கிறது, ராத்திரி வேறு வரப்போகிறது. சந்தை மூடுவதற்குள் எல்லாவற்றையும் விற்றுத் தன் கணக்குக்குக் கொண்டுவந்துவிட்டார். நிம்மதியாகத் தூங்கினார். காலையில் கடை திறந்ததும் மறுபடி வாங்கினார். அப்புறம் அதுவே தினசரி வேலையாகிவிட்டது. காய்ச்சலில் கிடந்த நாளில்கூட எழுந்து உட்கார்ந்து விற்றார். மூன்று வருஷமாக அந்தப் பணத்தை அவர் அப்படித்தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். தொகை கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது அவருக்குத் தெரியாமலில்லை. சந்தை சரியில்லை என்று நினைத்தார். மகளிடம் மூச்சு விடவில்லை.

மகளுக்கு பிசியோதெரபி படிக்க இடம் கிடைத்தது. பணம் கட்டுவதற்காகக் கடையில் உட்கார்ந்து மொத்தத்தையும் எடுக்கப் போனவர் முதலில் போட்டதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பாதிகூட இல்லை. சந்தை இறங்கினாலும் இவ்வளவு போகாது என்று செயலியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார்.

"யாரோ திருடிட்டாங்கம்மா."

ஒரு பெண் பொறுமையாகப் பார்த்தாள். "யாரும் கை வைக்கல சார். எல்லாம் கட்டணமாப் போயிருக்கு. வாங்கறப்ப ஒரு தடவை, விக்கறப்ப ஒரு தடவை. வாங்கற விலைக்கும் விக்கற விலைக்கும் நடுவுல வித்தியாசம் வேற இருக்கு. ஒரு தடவைன்னா ஒண்ணும் தெரியாது. நீங்க தினமும் பண்ணியிருக்கீங்களே, ஏன் சார்?"

"ராத்திரி வெளிய விட்டு வைக்கக் கூடாதுல்ல?"

"அது எங்கயும் போயிருக்காது சார். அது பாட்டுக்கு இருந்திருக்கும்."

"தொடாம விட்டிருந்தா?"

"வேணாம் சார்."

"சொல்லும்மா."

"வளர்ந்திருக்கும் சார். இந்த மூணு வருஷம் சந்தை நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் போனை வைத்துவிட்டுத் தலைநிமிர்ந்தபோது, மகள் சாப்பாட்டுப் பையோடு கல்லாவுக்கு முன்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"அம்மா பணமாப்பா?"

அவர் தலையாட்டினார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேப்பா. ஒரே ஒரு வார்த்தை." அவள் குரல் உடைந்தது. அவரைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் பையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கடையை அடமானம் வைக்கலாம் என்றார். ஏற்கெனவே அம்மாவின் வைத்தியத்துக்கு வைத்தது இன்னும் மீளவில்லை என்றாள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து முக்கால் அங்குலக் குழாய் கேட்டார். அவர் அரை அங்குலத்தை எடுத்துக் கொடுத்தார், அவள் மாற்றிக் கொடுத்தாள்.

கடைசித் தேதியன்று கல்லூரியிலிருந்து போன் வந்தது. அவள் போனை எடுத்துக்கொண்டு பெயிண்ட் டப்பாக்கள் அடுக்கியிருந்த பின்பக்கம் போனாள். கடை சின்னது. எங்கே நின்று பேசினாலும் கல்லா வரைக்கும் கேட்கும்.

"இல்ல மேடம், பணத்துக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்றாள், தெளிவான குரலில். "அப்பா எப்பவோ ரெடி பண்ணி வெச்சிட்டார். எனக்குத்தான் இந்தப் படிப்பு சரிவராதுன்னு தோணிடுச்சு. இடத்தை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அவர் இரண்டு கையாலும் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா மேடம்" என்றாள் மகள். "அவருக்குத்தான் ரொம்ப வருத்தம்."